ஊரார் காக்கும் காடு
கோனோமா கிராமத்தின் ஏற்பாடும் அதிலிருந்து அறியத்தக்கவையும்

ஊருக்குப் பொதுவான சொத்தைக் காப்பது எவ்வளவு கடினமான காரியம் என்பதைக் கிராம வாழ்க்கையில் பழகியவர் யாவரும் அறிவர். தன் வயலின் வரப்பு ஓர் அடி சரிந்தால் அன்றே மண்வெட்டியுடன் புறப்படும் குடியானவன், ஏரியின் மதகு பழுதுபட்டால் அடுத்தவன் பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிடுகிறான். ஊர்ப் புறம்போக்கிலுள்ள மரத்தை ஒருவன் வெட்டினால், மற்றவன் அதைத் தடுப்பதற்குப் பதிலாக, எஞ்சியதைத் தான் வெட்டிக்கொள்ள விரைகிறான். எல்லாருடைய பொருளும் ஒருவருடைய பொருளுமன்று என்ற எண்ணமே இதற்குக் காரணம். இவ்வெண்ணத்தை ஒரு கிராமத்தார் தங்கள் காட்டின் விஷயத்தில் எவ்வாறு மாற்றிக்கொண்டார்கள் என்பதை இப்பாடத்தில் விவரிப்போம்.

1. ஊரும் காடும்

இந்தியாவின் வடகிழக்கு எல்லையிலுள்ள நாகாலாந்து ராஜ்யத்தில், தலைநகரமாகிய கோஹிமாவுக்கு மேற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், கோனோமா என்னும் கிராமம் இருக்கிறது. கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 5,000 அடி உயரத்தில் மலைச்சரிவில் அமைந்த ஊர் இது. அங்காமி நாகர்கள் என்னும் வகுப்பார் இதில் வசிக்கின்றனர். 2011-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி குடும்பங்கள் 400-க்குச் சற்று மேல். ஜனங்கள் ஏறத்தாழ 2,000. ஊர் மூன்று பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியும் பல குலங்களைக் கொண்டதாக இருக்கிறது.

கோனோமாவின் ஜனங்கள் வீரத்துக்குப் பெயர்பெற்றவர்கள். 1879-ஆம் வருஷத்தில் ஆங்கில அரசாங்கத்தை எதிர்த்து ஆயுதமெடுத்து, அடுத்த வருஷம் மார்ச்சு மாதத்தில் உடன்படிக்கை ஏற்படும் வரையில் போர் புரிந்தார்கள். வீரத்துக்கு அடுத்தபடியாக அவர்கள் மதித்தது வேட்டையையே. வேட்டையில் வல்லவனுக்கு ஊரில் மரியாதை உண்டு. பண்டிகைக்கும் விருந்துக்கும் காட்டு மாமிசம் வேண்டும். ஆண்பிள்ளைகள் சிறு வயதிலேயே வேட்டைக்குப் பழகினார்கள். ஆகவே, வேட்டையை நிறுத்துவதென்பது அவ்வூரில் ஒரு தொழிலை நிறுத்துவது மாத்திரமாக இராமல், தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு கௌரவத்தையே கைவிடச் சொல்வதாக இருந்தது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அவர்கள் செய்த காரியத்தின் அருமை விளங்கும்.

அந்தப் பிரதேசத்தில் காட்டின் பெரும்பகுதி சர்க்காருடையதன்று. குலங்களுக்கும், கிராமங்களுக்கும், தனிப்பட்டவர்களுக்கும் உரியது. நாகாலாந்து தனி ராஜ்யமாக 1963-ஆம் வருஷத்தில் ஏற்பட்டபோது, நிலத்தின் உரிமையையும் அதன் வளங்களையும் பற்றிய மத்தியச் சட்டங்கள் ராஜ்யச் சட்டசபையின் சம்மதமின்றி அங்கே செல்லா என்று அரசியல் சட்டத்தின் 371-ஏ பிரிவு விதித்தது. 1978-ஆம் வருஷத்துச் சட்டமொன்றினால் கிராமச் சபைகளுக்கும் அதிகாரம் அளிக்கப்பட்டது. ஆகையால், காட்டை அழிக்கவும் காக்கவும் ஊராருக்கே சக்தி இருந்தது.

2. ஒரு பறவையின் நஷ்டம்

கோனோமாவின் காடுகளில் ‘பிளித் டிராகோபன்’ என்ற பறவை வாழ்கிறது. இது காட்டுக்கோழி இனத்தைச் சேர்ந்தது. சேவலின் கழுத்தும் மார்பும் செந்நிறமாயும், உடல் வெண்புள்ளிகளுடனும் விளங்கும். இனப்பெருக்கக் காலத்தில் அது தன் தலையில் இரண்டு நீலக் கொம்புகள் போன்ற சதையை எழுப்பி, தொண்டையின் கீழுள்ள வர்ணத் தோலை விரித்துக் காட்டிப் பெட்டையை அழைக்கும். சென்னை ராஜதானியில் நெடுங்காலம் வைத்திய உத்தியோகம் பார்த்துப் பறவைகளை ஆராய்ந்த ஜெர்டான் என்பவர், 1870-ஆம் வருஷத்தில் இதனை விவரித்து, கல்கத்தாவிலிருந்த பறவை நூலறிஞர் எட்வர்ட் பிளித்தின் பெயரை இதற்குச் சூட்டினார். இன்று இது நாகாலாந்தின் ராஜ்யப் பறவையாகும். எண்ணிக்கை குறைந்து அழியக்கூடிய நிலையிலுள்ள இனங்களின் சர்வதேசப் பட்டியலிலும் இது சேர்க்கப்பட்டிருக்கிறது.

இப்பறவை கோழியைப்போல் தரையில் இரை தேடினாலும் மரத்தில் கூடு கட்டும் இயல்புடையது. அடர்ந்த, ஈரம் மிகுந்த மலைக்காட்டில், மரங்களின் கீழ் புதர் செறிந்த இடத்தையே நாடும். வருஷத்துக்குச் சில முட்டைகளே இடும். ஆகவே பெருமரங்களை வெட்டினாலும், கீழ்ப்புதரை அழித்தாலும், பறவையைச் சுட்டாலும், இம்மூன்றில் எதுவும் அதன் குலத்தைக் குறைக்கப் போதுமானது. 1993-ஆம் வருஷத்தில் ஒரே வாரத்துக்குள் ஏறத்தாழ 300 டிராகோபன்கள் கோனோமாவில் வேட்டையாடப்பட்டன என்று கூறப்படுகிறது. இவ்வாறு ஒரு வாரத்தில் இழந்ததை மீட்க எத்தனை வருஷங்கள் செல்லும் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

வேட்டையோடு மரவியாபாரமும் சேர்ந்துகொண்டது. வடகிழக்கு மலைகளின் மரம் தூரதேசங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டு வந்தது. இதைப்பற்றி நம்மவர் அறியவேண்டிய ஒரு செய்தியுண்டு. நீலகிரி ஜில்லாவில் கூடலூர்ப் பக்கத்துக் காடுகள் வெட்டப்படுவதைக் குறித்து, நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் 1995-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 1996-ஆம் வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி பிறந்த உத்தரவு, கூடலூரோடு நில்லாமல் தேசமுழுவதற்கும் பொருந்துவதாயிற்று. வடகிழக்கு ராஜ்யங்களிலிருந்து வெட்டுமரம் வெளியே செல்வதும் அதனால் தடுக்கப்பட்டது. எனினும், கோர்ட்டின் உத்தரவு மரவண்டியைத் தடுக்கலாம். ஊருக்குள் ஒருவன் துப்பாக்கியுடன் காட்டுக்குள் நுழைவதை அவ்வூராரே தடுக்கவேண்டும்.

3. தீர்மானம்

ஊரிலே சிலர் இந்த நிலைமையைக் கண்டு பல வருஷங்களாகக் கவலை கொண்டிருந்தனர். வேட்டைக்குச் செல்லும் போதெல்லாம் முன்னிலும் அதிக தூரம் நடக்கவேண்டியிருப்பதை வேட்டைக்காரர்களே அறிவர். சிலி ஸாக்ரீ முதலானோர் பெரியவர்களிடத்திலும் இளைஞரிடத்திலும் இதனை ஓயாது எடுத்துச் சொல்லிவந்தார்கள். எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. பாட்டன் காலத்திலிருந்து செய்துவந்ததைச் செய்யாதே என்று சொல்ல இவர்கள் யார் என்று கேட்டவர் உண்டு. மரத்தினால் வருமானம் பெற்றவர்கள் தங்கள் பிழைப்பு என்னாவது என்று கேட்டனர். அக்கேள்வி நியாயமற்றதென்று தள்ளிவிடத்தக்கதன்று.

கடைசியில் 1998-ஆம் வருஷத்தில் கிராமச் சபையார் கூடி முடிவு செய்தனர். ஊரின் காட்டில் ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டர், அதாவது சுமார் 8 சதுர மைல் பரப்பு, டிராகோபன் சரணாலயமாக ஒதுக்கப்பட்டது. கோனோமா இயற்கைப் பாதுகாப்பு மற்றும் டிராகோபன் சரணாலயம் என்பது அதன் பெயர். சரணாலயத்துக்குள் மாத்திரமல்லாமல் ஊரின் எல்லைக்குட்பட்ட நிலமெங்கும் வேட்டை நிறுத்தப்பட்டது. வியாபாரத்துக்காக மரம் வெட்டுவதும் விலக்கப்பட்டது. வீடு கட்டுதல் முதலிய சொந்தத் தேவைக்கு ஒதுக்கிடத்துக்கு வெளியே அளவுடன் மரம் எடுக்க இடம் வைக்கப்பட்டது. நிர்வாகத்துக்கென்று ஊரார் அடங்கிய ஒரு தர்மகர்த்தா சபையும் ஏற்பட்டது.

இங்கே கவனிக்கவேண்டிய அம்சம் ஒன்றுண்டு. தடையை விதித்தவர்களும் அத்தடைக்குக் கட்டுப்பட்டவர்களும் ஒரே ஊரார். வெளியிலிருந்து ஓர் உத்தியோகஸ்தர் வந்து இவ்விதியைப் படித்திருந்தால், அவர் ஊர் எல்லையைத் தாண்டியவுடன் துப்பாக்கி மறுபடியும் தோளில் ஏறியிருக்கும். தானே கையெழுத்திட்ட பத்திரத்தை மீறுகிறவன் தன் அண்டைவீட்டார் முகத்தில் விழிக்கவேண்டும் அல்லவா?

4. காட்டுக்கு இளைப்பாறுதல் அளித்த வயல்

காட்டைத் தொடாதே என்று சொன்னால் மாத்திரம் போதாது. அடுப்புக்கு விறகும், வயிற்றுக்கு அன்னமும் வேறெங்கிருந்தாவது வரவேண்டும். கோனோமாவில் இது சாத்தியமானதற்கு அவர்களுடைய பழைய விவசாய முறையே பெரிதும் உதவிற்று.

மலைச்சரிவை அடுக்கடுக்கான படிகளாக வெட்டி நீர் பாய்ச்சி அவர்கள் நெல் பயிரிடுகின்றனர். புன்செய்ச் சரிவுகளில் ‘ஆல்டர்’ என்னும் மரத்தை வளர்க்கின்றனர். இம்மரத்தின் வேரில் முடிச்சுகள் உண்டு. அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள், அவரை, துவரை முதலியவற்றின் வேரில் நிகழ்வது போலவே, காற்றிலுள்ள நைட்ரஜனை நிலத்துக்கு உரமாக்கிக் கொடுக்கின்றன. பயிரிடும் தருணம் வந்ததும் மரத்தை வேரோடு அகற்றாமல், தரையிலிருந்து சுமார் 6 அடிக்குமேல் வெட்டிவிடுகின்றனர். வெட்டிய கிளைகள் விறகாகின்றன; இலையும் சுள்ளியும் எரித்த சாம்பலும் நிலத்துக்கு எருவாகின்றன. இரண்டு வருஷம் பயிரிட்டபின் நிலத்தைச் சில வருஷம் ஓய்வாக விடுகின்றனர். அதற்குள் மரம் மறுபடியும் தழைத்துவிடுகிறது. இவ்வாறு வெட்டுண்டு வெட்டுண்டு பருத்த அடிமரங்கள் தலைமுறைகளைக் கடந்து நிற்கின்றன.

மலைநாட்டில் காட்டை எரித்துப் பயிரிடும் வழக்கத்தில், நிலத்தின் சத்து ஓய்ந்தவுடன் புதுக்காட்டைத் தேடவேண்டியிருக்கிறது. ஆல்டர் மரம் நிற்கும் நிலத்திலோ அதே சரிவு மீண்டும் மீண்டும் பயன்படுகிறது. விறகும் அங்கேயே கிடைக்கிறது. ஆகவே மேலேயுள்ள பெருங்காட்டின்மீது ஊரின் பாரம் குறைகிறது. அப்பெருங்காடு மழைநீரைத் தாங்கி ஊற்றுகளாக விடுவதனால் கீழேயுள்ள நெல்வயல்களுக்கு நீர் கிடைக்கிறது. காடு வயலைக் காக்கிறது. வயல் காட்டைக் காக்கிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றதும் நில்லாது.

5. தொண்டர்கள்

தீர்மானம் காகிதத்தில் இருக்கிறது. காடோ மலைமேல் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைப்பது தொண்டர்களின் கால்களே. கோனோமாவில் ஊர் இளைஞர்கள் காவல் வேலையை ஏற்றுக்கொண்டனர். மழையிலும் குளிரிலும் மலைப்பாதைகளில் சுற்றி வருதல், கண்ணிகளை அகற்றுதல், அயலூரிலிருந்து வரும் வேட்டைக்காரரைத் திருப்பி அனுப்புதல் ஆகியவை இப்படிப்பட்ட காவலின் கூறுகள். விதியை மீறியவர்களுக்குக் கிராமத்தார் அபராதம் விதிக்கின்றனர். வேட்டைக்காரனுக்குத் தெரியாத தடமில்லை. ஆகையால் வேட்டையை விட்டவனே சிறந்த காவலனும் வழிகாட்டியும் ஆகிறான்.

தொண்டர்கள் எதிர்நோக்கவேண்டிய அபாயங்களில் காட்டுத்தீ முக்கியமானது. கோஹிமாவுக்குத் தெற்கேயுள்ள ஜூக்கோ பள்ளத்தாக்கில் 2020-ஆம் வருஷம் டிசம்பர் 29-ஆம் தேதி தொடங்கிய தீ சுமார் இரண்டு வாரம் எரிந்தது. விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் நீர் கொண்டுவந்து பொழிந்தன. விபத்துநிவாரணப் படையாரும் வந்தனர். அவர்களோடு சுற்றுக் கிராமங்களின் தொண்டர்களும் மலையேறித் தீயோடு போராடினார்கள். குளிர்காலத்தில் காய்ந்து நிற்கும் புல்லில் ஒரு பொறி விழுந்தால் போதும். அதைத் தொடக்கத்திலேயே காணக்கூடியவர் பக்கத்திலுள்ள கிராமத்தாரே.

எனினும், தொண்டர்களின் உற்சாகத்தை மாத்திரம் நம்பி ஓர் ஏற்பாட்டை நிலைநிறுத்த முடியாது. முதல் வருஷத்தில் ஐம்பது பேர் வருவர். மூன்றாம் வருஷத்தில் பதினைந்து பேர் மிஞ்சுவர். ஐந்தாம் வருஷத்தில் இருவர் மூவரே எல்லாவற்றையும் சுமப்பர். அவர்களும் சோர்ந்தால் காரியம் முடிந்தது. எந்தச் சங்கத்திலும் இதுவே நடைபெறுகிறது. ஆகையால் முறைவைத்துக் காவல் செய்தல், ஒருவருக்கே இடைவிடாது பாரம் சுமத்தாமை, புதியவர்களை வருஷந்தோறும் சேர்த்துப் பழக்குதல் என்ற மூன்றும் ஆரம்பத்திலேயே விதியில் இடம்பெற வேண்டும்.

6. வருமானம்

2005-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்காரின் சுற்றுலா இலாகா கோனோமாவைப் ‘பசுமைக் கிராம’மாக எடுத்துக்கொண்டு, பாதை, வடிகால், விருந்தினர் வசதி முதலியவற்றுக்கு உதவிற்று. அதுமுதல் பறவைகளையும் படிவயல்களையும் காண அயலூரார் வந்துகொண்டிருக்கின்றனர். வருகிறவர்களிடம் கட்டணம் வாங்கப்படுகிறது. ஊரார் தங்கள் வீடுகளில் அவர்களைத் தங்கவைத்து உணவளித்து வருமானம் பெறுகின்றனர். இளைஞர் வழிகாட்டிகளாகச் செல்கின்றனர். மரம் விற்றவன் ஒருமுறைதான் விற்றான். நிற்கும் மரத்தைக் காட்டுகிறவன் ஆண்டுதோறும் காட்டலாம்.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. வீட்டில் அறை உள்ளவனுக்கு விருந்தினர் வருகின்றனர்; அறையில்லாத ஏழைக்கு அவ்வருமானம் வருவதில்லை. வேட்டை நின்றதனால் நஷ்டமடைந்தவன் ஒருவன், லாபமடைந்தவன் வேறொருவன் என்றானால், நஷ்டமடைந்தவன் விதியை நெடுங்காலம் மதிக்கமாட்டான். பொதுக் கட்டணத்தின் ஒரு பகுதியேனும் எல்லாக் குடும்பத்துக்கும் பயன்படும் காரியத்தில் செலவாவதும், அதன் வரவுசெலவு ஊர்க்கூட்டத்தில் வாசிக்கப்படுவதும் இதனால்தான் அவசியமாகின்றன.

7. மற்றொரு கிராமத்தின் உதாரணம்

வோக்கா ஜில்லாவில் டோயாங் அணையின் நீர்த்தேக்கத்துக்கருகே பாங்டி என்னும் கிராமம் உள்ளது. கிழக்காசியாவிலிருந்து தென் ஆப்பிரிக்காவுக்குச் செல்லும் அமூர் வல்லூறு என்னும் சிறு வேட்டைப்பறவைகள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் அங்கே லக்ஷக்கணக்கில் தங்குகின்றன. 2012-ஆம் வருஷத்தில் மீன்வலைகளை மரங்களுக்கிடையே கட்டி அவற்றைப் பிடித்து விற்றார்கள். ஒரு பருவத்தில் லக்ஷத்துக்கும் மேற்பட்ட பறவைகள் மாண்டதாக மதிப்பிடப்பட்டது. செய்தி உலகெங்கும் பரவவே, கிராமச் சபைகளும், சர்க்காரும், இயற்கைப் பாதுகாப்புச் சங்கங்களும், பாதிரிமார்களும் ஒன்றுகூடி ஜனங்களிடம் பேசினார்கள். அடுத்த வருஷமே கொலை நின்றது. 2013 நவம்பரில் மூன்று பறவைகளின் முதுகில் சிறு கருவிகளைக் கட்டி விட்டபோது, ஒன்றுக்குப் ‘பாங்டி’ என்றே பெயர் வைத்தார்கள். தங்கள் ஊர்ப்பெயர் கொண்ட பறவை கடலைக் கடந்து சென்றதை அவ்வூரார் அறிந்தபோது, பிடித்துத் தின்பதற்கான பொருளாயிருந்தது ஊரின் பெருமைக்குரிய பொருளாயிற்று.

8. சட்டத்தின் துணை

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2002-ஆம் வருஷத்தில் திருத்தப்பட்டு, அத்திருத்தம் 2003-இல் அமுலுக்கு வந்தது. அதன்படி, சமூகத்தாரோ தனிப்பட்டவரோ தாமாக முன்வந்து காக்கும் நிலத்தை ‘சமூகக் காப்பிடம்’ என்று ராஜ்ய சர்க்கார் அறிவிக்கலாம். அதை நடத்தும் கமிட்டியில் ஊரின் பிரதிநிதிகளே பெரும்பான்மையோர். வன இலாகாவின் பிரதிநிதி ஒருவரும் இருப்பார். சட்டத்தின் துணையால் வெளியார் அத்துமீறலைத் தடுக்க வலிமை உண்டாகும். ஆனால், ஒருமுறை அறிவித்தபின் நில உபயோகத்தைத் தாமாகவே மாற்ற இயலாது. ஆகவே நன்றாக ஆலோசித்து, எல்லாக் குடும்பங்களின் சம்மதத்தையும் பெற்ற பின்னரே ஒரு கிராமம் இதில் இறங்கவேண்டும்.

9. பாடத்தின் சாரம்

மேற்கூறியவற்றிலிருந்து பொதுக்காடு, மேய்ச்சல் தரை, தோப்பு, ஏரிக்கரை மரங்கள் முதலியவற்றைக் காக்க விரும்பும் எந்தக் கிராமத்தாரும் கொள்ளத்தக்க விதிகள் பின்வருமாறு:

(1) எல்லை முதலில் தெளிவாகவேண்டும். ஓடை, பாறை, மேடு முதலிய அடையாளங்களைக் கொண்டு, சிறுவர்களும் அறியும்படி அதனை நிர்ணயிக்கவேண்டும்.

(2) விதியைக் கட்டுப்படுகிறவர்களே செய்யவேண்டும். எதிர்க்கிறவரைக் கூட்டத்துக்கு அழைத்து, அவர் நஷ்டத்தைக் கேட்டபின் தீர்மானிக்கவேண்டும்.

(3) முற்றும் தடுப்பதும் அளவுடன் எடுக்க விடுவதும் எவை எவை என்று பிரித்துச் சொல்லவேண்டும். விறகுக்கு வேறு வழி காட்டாத தடை இரவில் மீறப்படும்.

(4) அபராதம் முதற்பிழைக்குச் சிறிதாயும் மறுபிழைக்குப் பெரிதாயும் இருக்கலாம். ஆனால் பெரியவர் சிறியவர் என்ற பேதமின்றி வசூலிக்கப்படவேண்டும். ஊர்த்தலைவரின் மகனிடம் ஒருமுறை வாங்கிய அபராதம் நூறு எச்சரிக்கைப் பலகைகளுக்குச் சமம்.

(5) கணக்கு எழுதப்படவேண்டும், எழுதியது வாசிக்கப்படவேண்டும்.

(6) தொண்டர்களுக்கு முறை வேண்டும். அவர்களுடைய வேலைக்கு ஊரின் நன்றியும் வேண்டும்.

(7) அயலூராரையும் கலந்துகொள்ளவேண்டும். ஓர் ஊரில் விலக்கப்பட்ட துப்பாக்கி அடுத்த ஊரின் எல்லையில் காத்திருக்குமானால் பறவைக்குப் பயனில்லை.

10. கூட்டத்தில் விவாதிக்கத்தக்க கேள்விகள்

நம் ஊரின் பொதுநிலத்தில் இருபது வருஷங்களுக்கு முன் இருந்த மரங்கள் எவை? இன்று இருப்பவை எவை? ஊரின் விறகுத் தேவை எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது? பொதுநிலத்தை மூடினால் முதலில் கஷ்டப்படும் குடும்பங்கள் எவை, அவர்களுக்கு ஊரார் என்ன செய்யக்கூடும்? வருஷமுழுவதும் முறைக்காவலுக்கு எத்தனை பேர் பெயர் கொடுப்பர்?

இக்கேள்விகளுக்கு உண்மையான விடைகளை எழுதிவைத்த பிறகே தீர்மானம் எழுதத் தொடங்கவேண்டும். கடைசிக் கேள்விக்குப் பெயர்கள் கிடைக்காவிட்டால், எல்லைக்கல் நடுவதைச் சிறிது ஒத்திவைப்பதே விவேகம். காவலில்லாத எல்லைக்கல்லை ஊரார் ஒருமுறை கண்டுவிட்டால், இரண்டாவது கல்லை ஒருவரும் மதிக்கமாட்டார்கள். சிறு தோப்பொன்றை எடுத்துக்கொண்டு, அதை ஐந்து வருஷம் வழுவாது காத்த கிராமம் பின்னர் மலையையும் காக்கும்.